புதுப்பிப்பு: தவில் வாசிப்பை விட்டுவிட்டேன்

கீழ் முதுகெலும்பில் எல்4-எல்5 எலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு (டிஸ்க்) பிதுங்கி வலி கால்வரை இறங்குகிறது, தவிலை விட வேண்டியிருக்குமோ என்று முன்பு எழுதியிருந்தேன். விட்டுவிட்டேன்.

உட்கார்ந்து வாசிக்கலாமே என்று பலர் கேட்டீர்கள். சம்மணமிட்டுக் குனிந்தால் வட்டின் மேல் அழுத்தம் இன்னும் கூடும். சுவாமி புறப்பாட்டிலோ பலாக்கட்டைத் தவிலின் முழுப் பாரமும் தோளில்தான். இரண்டுமே முடியவில்லை.

அறுவை சிகிச்சை இப்போதைக்கு வேண்டாமாம். கால் பலமிழந்தாலோ சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ உடனே வரச் சொன்னார் மருத்துவர். பிசியோதெரபியும் நடையும் தொடர்கின்றன. வலி இருக்கிறது, ஆனால் தூங்க முடிகிறது.

புறப்பாட்டில் நாதஸ்வரத்தோடு வாசிக்கும் மல்லாரி காதில் விழுந்தால் விரல்கள் தானாக அசைகின்றன. அதுதான் வலியைவிடக் கஷ்டம். அப்புறம், அக்கா மகனுக்குச் சொற்கட்டு, அதாவது தவிலின் தாளச் சொற்கள், சொல்லித் தருகிறேன். வாயால் சொல்லிக் கையால் தாளம் போட முதுகு தடுக்கவில்லை. வருமானத்துக்குத்தான் வழி தேடுகிறேன். இதே நிலையில் வேறு வேலைக்கு மாறியவர்கள் இருந்தால் எழுதுங்கள்.