க்ளவுன் லோச் கல்லிடுக்கை விட்டு வருதில்லை

வெள்ளவத்தைவாசி:
3 அடி மீன் தொட்டி, 140 லீற்றர், தண்ணி 30 பாகை. 2 க்ளவுன் லோச் (அடியில திரியிற மீன்), 4 குஹ்லி (விலாங்கு மாதிரி மெல்லிசான லோச்). 5 நாளா க்ளவுன் ரெண்டும் கல்லுக்குள்ள சரிஞ்சு கிடக்குதுகள், சாப்பாட்டுக்கும் வரேல்லை. குஹ்லியள் கண்ணிலேயே படேல்லை. வருத்தமோ?

அயிரை:
தம்பி, சரிஞ்சு படுக்கிறது க்ளவுனின்ர பழக்கம், அதை வச்சு முடிவெடுக்காதீங்கோ. செவுள் மூடியைப் பாருங்கோ. ஆறுதலா அசைஞ்சா நித்திரை. படபடவெண்டு அடிச்சா உடனே தண்ணியில அமோனியா, நைற்றைற் (மீன் கழிவால சேர்ற நஞ்சுகள்) சோதியுங்கோ. ரெண்டும் 0 இல்லாட்டி 25 வீதம் தண்ணி மாத்துங்கோ, குளோரின் நீக்கி, அதே சூட்டில. 30 பாகையில ஒட்சிசனும் குறையும், காத்துக்கல்லு (காத்துக் குமிழி விடுற கல்லு) இரவும் ஓடோணும். உடம்பில உப்புக்கல்லு மாதிரி வெள்ளைப் புள்ளி இருக்கோ? க்ளவுனுக்குத்தான் அந்த வெள்ளைப்புள்ளி வருத்தம் முதல்ல வரும்.

சாப்பிடுதோ எண்டு பாக்க, லைற் அணைச்சு 1 மணித்தியாலம் கழிச்சு அடியில தாழுற தீனி போடுங்கோ.

தெஹிவளை அக்கா:
ரெண்டே ரெண்டு எண்டா பயந்துதான் கிடக்கும். குறைஞ்சது 5 வேணும். ஆனா 30 சென்ரிமீற்றர் வரை வளர்ற மீனுக்கு உந்தத் தொட்டி காணாது. கடைக்காரர் இதைச் சொல்லமாட்டினம். குஹ்லியை மணலுக்குள்ள தேட முதல் ஃபில்டரைக் கழட்டிப் பாருங்கோ. உறிஞ்சு குழாய்க்கு ஸ்பொஞ் போடேல்லை எண்டா அங்கதான் இருக்கும்.

அயிரை:
பிடிக்கிறதெண்டா வலை வேண்டாம். கண்ணுக்குக் கீழ இருக்கிற முள்ளு வலையில கொளுவும். பிவிசி குழாய்த் துண்டொண்டு போட்டுவிடுங்கோ, உள்ள போனதும் ரெண்டு வாயையும் பொத்தித் தூக்கலாம்.