விமானம் இறங்கும் பாதையின் கீழ் பள்ளிக்கூடம்: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். ஓடுபாதையின் நேர்கோட்டில், விமான நிலைய வேலிக்குச் சற்று வெளியே ஒரு பள்ளி கட்டத் திட்டம் போடுகிறார்கள். கேட்டால், "உயர அனுமதி வாங்கியாச்சு, பிறகென்ன?" என்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை.

உயர வரம்பு, விமானம் கட்டடத்தில் மோதாமல் இருக்க. விமானமே கீழே விழுந்தால்? 2024 டிசம்பரில் தென்கொரியாவின் முவானில் ஓடுபாதையைத் தாண்டி ஓடிய விமானம் கான்கிரீட் வைத்த மண்மேட்டில் மோதி 179 பேர் இறந்தார்கள். 2025 ஜூனில் அகமதாபாத்தில் மருத்துவ மாணவர் விடுதி மேலேயே விமானம் விழுந்தது.

சர்வதேச விதிப்படி ஓடுபாதைப் பட்டையின் (ஓடுபாதையையும் அதைச் சுற்றி விடும் சமதளத்தையும் சேர்த்த பகுதி) முடிவுக்கு அப்பால் குறைந்தது 90 மீட்டர் பாதுகாப்புப் பகுதி வேண்டும்; பெரிய ஓடுபாதைகளுக்கு 240 மீட்டர் பரிந்துரை. அதற்கும் வெளியே இருக்கும் நிலத்தை என்ன செய்வது என்பதுதான் என் கேள்வி. பிரிட்டனில் ஓடுபாதை முனைகளில் 'பொதுமக்கள் பாதுகாப்பு மண்டலம்' என்று ஒரு பகுதியை வரையறுத்து, அங்கே ஆட்கள் கூடும் கட்டடங்களைக் கட்டுப்படுத்துகிறார்கள்.

விமானிகள், வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள், நகரமைப்புப் பொறியாளர்கள் யாராவது சொல்லுங்கள்: பள்ளி, மருத்துவமனை போன்றவற்றுக்கு உயரம் தவிர வேறு என்ன ஆய்வு கேட்கலாம்? விபத்து அபாய வரைபடம் தரச் சொல்லி சாதாரண ஆள் மனு கொடுக்க முடியுமா? அஸ்திவாரம் தோண்டுவதற்குள் ஆட்சேபம் எழுதிக் கொடுக்க வேண்டும், அவசரம்.