யாரும், யாரோ, யாராவது

கார்த்தி: மீனா அக்கா, ஸ்பானிஷ் தேர்வில் ‘யாரும் வரவில்லை’ என்பதற்கு ‘பினோ நாதியே’ என்று எழுதினேன். தப்பு என்று அடித்துவிட்டார்கள். நாதியே என்றாலே ‘யாரும் இல்லை’தானே?

மீனா: ‘நோ பினோ நாதியே’ என்று வரணும் தம்பி. நாதியே வினைக்குப் பின்னால் வந்தால் முன்னால் ‘நோ’ கட்டாயம். முன்னால் வந்தால் ‘நாதியே பினோ’, அவ்வளவுதான்.

கார்த்தி: இரண்டு ‘இல்லை’ சேர்ந்தால் ‘உண்டு’ ஆகிவிடாதா?

மீனா: தமிழில் ஆகிறதா? ‘யாரும் வந்தார்கள்’ என்று சொல்வாயா? ‘யாரும்’ என்று தொடங்கினாலே வினையில் ‘இல்லை’ வந்து நிற்கிறது.

சித்தப்பா: ‘யாரும் வரலாம்’ என்கிறோமே?

மீனா: சரியான கேள்வி சித்தப்பா. அதற்கு வேறு சொல், ‘குவால்கியேரா’.

அத்தை: ‘கேட்க நாதியில்லை’ என்போமே, அந்த நாதியா இது?

மீனா: உறவெல்லாம் இல்லை அத்தை. ஆனால் மறக்காமல் இருக்க நல்ல வழி!

கார்த்தி: அப்போ ‘யாரையும் பார்க்கவில்லை’ என்றால் ‘நோ பி நாதியே’?

மீனா: ‘நோ பி ஆ நாதியே’. அந்த ‘ஆ’ நம்முடைய ‘ஐ’ மாதிரி. ‘புத்தகம் வாங்கினேன்’ என்பாய். ‘அத்தை பார்த்தேன்’ என்பாயா? ஆளைச் சொன்னால் உருபு வேண்டும். அங்கேயும் அப்படித்தான். எனக்கு இந்த மொழி மேல் ஆசை வந்ததே இந்த இடத்தில்தான்.

சித்தப்பா: யாரோ, யாராவது?

மீனா: இரண்டுக்கும் ‘ஆல்கியென்’. வித்தியாசத்தை வினை காட்டும். மாட்ரிட் வந்த புதிதில் பாப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடி, கீழே பலகையில் ‘புஸ்கோ ஆ ஆல்கியென் கே ஆப்லா இங்க்லேஸ்’ என்று எழுதி ஒட்டினேன். பக்கத்து வீட்டு அம்மா கதவைத் தட்டி, ‘யாரைத் தேடுகிறாய், பெயர் தெரியாதா?’ என்று கேட்டார். ‘ஆப்லா’ என்றால் இன்னார் என்று ஒருவர் மனதில் இருக்கிறார் என்று அர்த்தமாம். ஆங்கிலம் பேசும் யாராவது போதும் என்றால் ‘ஆப்லே’. ஒரே ஓர் எழுத்து! என் பேனாவை வாங்கி அவரே திருத்திக் கொடுத்தார்.

அத்தை: நல்ல மனுஷி. சாப்பிட்டாயா நீ?

மீனா: மணி மூன்றுதானே அத்தை, இங்கே இப்போதுதான் மதியச் சாப்பாடு. கார்த்தி, ‘வீட்டில் யாராவது இருக்கிறீர்களா?’ சொல்லு.

கார்த்தி: ‘ஆய் ஆல்கியென் என் காசா?’ இதில் ‘ஐ’ இல்லை, அதனால் ‘ஆ’வும் இல்லை. சரியா?

மீனா: சரி!! போய்ச் சாப்பிடுகிறேன்.