தினமும் இரண்டு ரவுண்டு நடக்கிறேன், போதாதா?

லேத்துமாமா
வயது 52. கோவை கணபதியில் சின்னதாக ஒரு லேத் பட்டறை. போன மாதம் முழு உடல் பரிசோதனை செய்தேன். இடுப்பு 102 செ.மீ., டிரைகிளிசரைடு 210, நல்ல கொழுப்பு 36, வெறும் வயிற்றுச் சர்க்கரை 112, பிரஷர் 138/88. இந்த ஐந்தில் மூன்று எல்லை தாண்டினாலே மெட்டபாலிக் சிண்ட்ரோம், அதாவது சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் வழிவிடும் நிலை என்றார் டாக்டர். நான் ஐந்துக்கு ஐந்து. பள்ளிக்கூடத்தில் ஒருநாளும் வாங்காத மார்க். இத்தனைக்கும் எட்டு மாதமாக ரேஸ்கோர்ஸில் தினம் இரண்டு ரவுண்டு, கிட்டத்தட்ட 5 கிலோமீட்டர் நடக்கிறேன். இடுப்பு அசைவேனா என்கிறது. பட்டறைக்கு வரும் பையன் ஒருவன், “நடை வேஸ்ட் மாமா, இன்டர்வல் பண்ணுங்க” என்கிறான். நிஜமாங்க?

படியேறி
பையன் சொன்னது சரி. நார்வேயில் டிரான்ட்ஹெய்ம் நகரத்து ஆய்வு ஒன்று 2008-ல் ‘சர்குலேஷன்’ இதழில் வந்தது. மெட்டபாலிக் சிண்ட்ரோம் உள்ள 32 பேர், சராசரி வயதும் உங்கள் வயதுதான். வாரம் 3 நாள், 16 வாரம். ஒரு கூட்டத்தார் டிரெட்மில்லில் ஏற்றம் வைத்து, உச்சத் துடிப்பில் 90 சதவீதம் வரும்படி 4 நிமிடம் போவார்கள். அப்புறம் 3 நிமிடம் 70-க்கு இறக்கி, மறுபடி ஏற்றம். இப்படி நான்கு முறை. இதுதான் இன்டர்வல். இன்னொரு கூட்டத்தார் 70-லேயே சீராக 47 நிமிடம். முடிவில் உடல் பிராணவாயுவை எடுத்துப் பயன்படுத்தும் உச்சத் திறன் இன்டர்வல்காரர்களுக்கு 35 சதவீதம் கூடியது, சீராகப் போனவர்களுக்கு 16. ரத்தக்குழாய் விரிந்து கொடுக்கும் தன்மையும் இன்டர்வலில்தான் கூடுதல் முன்னேற்றம். இன்டர்வல்காரர்களில் 46 சதவீதம் பேர் சிண்ட்ரோம் பட்டியலை விட்டே வெளியே வந்தார்கள். நான் வாரம் இருமுறை சென்னிமலை 1320 படியை இப்படித்தான் விட்டுவிட்டு ஏறுகிறேன். ஆளைப் பார்த்தால் நம்ப மாட்டீர்கள்.

நொய்யல்கரை
படியேறித் தம்பி பாதிக் கதையோடு நிறுத்திவிட்டார். அதே ஆய்வில் எடை யாருக்கு எவ்வளவு குறைந்தது என்று சொல்லவில்லையே? இன்டர்வலுக்கு 2.3 கிலோ, சீரான பயிற்சிக்கு 3.6 கிலோ. ரத்த அழுத்தம் இரண்டிலும் ஒரே மாதிரிதான் இறங்கியது. சிண்ட்ரோமை விட்டு வெளியே வந்தவர்கள் இந்தப் பக்கமும் 37 சதவீதம். பயிற்சியே கொடுக்காத ஒப்பீட்டுக் கூட்டத்தையும் சேர்த்து 32 பேரை மூன்று கூட்டமாகப் பிரித்தால் ஒரு கூட்டத்துக்குப் பத்துப் பேர் சொச்சம். அதில் 46-க்கும் 37-க்கும் வித்தியாசம் எத்தனை ஆள் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு குடும்பம் கூட தேறாது.

அதே ஊரில் 70 வயது தாண்டிய 1567 பேரை 5 வருடம் வைத்துப் பார்த்தார்கள், 2020-ல் முடிவு வந்தது. வாழ்வா சாவா கணக்கில், பயிற்சி பெற்ற இரு கூட்டத்தாருக்கும் (இன்டர்வல், சீரானது), அரசு சொன்ன பொது அறிவுரையின்படி தாமாகவே உடற்பயிற்சி செய்தவர்களுக்கும் வித்தியாசம் நிற்கவில்லை. நான் இருபது வருடமாக நடக்கிறேன். முழங்காலும் பத்திரம், மனசும் பத்திரம்.

படியேறி
அந்த 1567-ஐயும் முழுசாகச் சொல்லுங்கள் அண்ணா. இறந்தவர்கள் இன்டர்வலில் 3 சதவீதம், பொது அறிவுரைக் கூட்டத்தில் 4.7, சீரான பயிற்சியில் 5.9.

நொய்யல்கரை
அந்த வித்தியாசத்தை உறுதியானது என்று ஆய்வு செய்தவர்களே சொல்லிக்கொள்ளவில்லை. நீங்கள் ஏன் சொல்கிறீர்கள்?

தறிச்சத்தம்
பவர்லூம்காரன் பன்னிரண்டு மணி நேரம் தறிக்கும் தறிக்கும் நடுவே நடக்கிறான். அவனுக்கும் சர்க்கரை வருகிறது. அதுக்கு நார்வேக்காரன் என்ன சொல்றான்?

பெருந்துறை அக்கா
இதய நோயாளிகளுக்கு உடற்பயிற்சி சொல்லிக் கொடுக்கும் பிசியோதெரபி வேலை எனக்கு. தறிச்சத்தம் தம்பி கேட்டது நக்கலாக இருந்தாலும் விஷயம் அதில்தான் இருக்கிறது. நிற்பதும் மெல்ல நடப்பதும் இதயத்துக்குப் பயிற்சி ஆகாது. துடிப்பு ஏற வேண்டும்.

லேத்துமாமாவுக்கு ஒரு கேள்வி. ரேஸ்கோர்ஸில் நடக்கும்போது உங்கள் துடிப்பு எவ்வளவு? 220-ல் வயதைக் கழித்தால் உச்சம் ஏறத்தாழ 168. அதில் 70 சதவீதம் 118. ஆய்வில் ‘சீரான பயிற்சி’ என்பது அந்த 118. பேச முடியும், பாட முடியாது, அந்த அளவு. நண்பரோடு நிலம் விற்ற கதை பேசிக்கொண்டு போவது அதில் சேராது.

லேத்துமாமா
மகள் வாங்கிக் கொடுத்த வாட்சைக் கட்டிக்கொண்டு இன்று காலை பார்த்தேன். இரண்டு ரவுண்டு முழுக்க 92, 94. ஒரே ஒருமுறை 101. அதுவும் ஒரு நாய் துரத்தியபோது. முடித்ததும் கூட்டாளிகளோடு போண்டாவும் டீயும். அதை மறைக்க விரும்பவில்லை.

படியேறி
பாருங்கள்! அப்போது அவர் நடக்கவே இல்லை. நாளையே சென்னிமலை வாருங்கள் மாமா.

பெருந்துறை அக்கா
அவசரப்படாதே தம்பி. அவர் ஐந்துக்கு ஐந்து வாங்கியவர். எடுத்தவுடன் 151 துடிப்புக்கு ஏற்றுவது சரியில்லை. இதய நோயாளிகள் 4846 பேரை நார்வேயின் மறுவாழ்வு மையங்களில் கணக்கெடுத்தபோது, மிதமான பயிற்சியில் 1,29,456 மணி நேரத்துக்கு ஒருமுறை இதயத் துடிப்பு திடீரென நின்றுபோன நிகழ்வு. தீவிரப் பயிற்சியில் 23,182 மணி நேரத்துக்கு ஒன்று. இரண்டுமே அபூர்வம்தான், பயிற்சியைக் கைவிடச் சொல்லும் எண் அல்ல. ஆனால் அது ஆள் பக்கத்தில் நின்று பார்த்த இடம். மலைப்படியில் யார் நிற்கிறார்கள்? நோம்பிக்கு மலை ஏறும் கூட்டத்தில் மயங்கி விழுந்தவரை டோலியில் இறக்கியதை நான் பார்த்திருக்கிறேன்.

மாமா, முதலில் டிரெட்மில் டெஸ்ட் எடுங்கள். பிரஷருக்கு என்ன மாத்திரை?

லேத்துமாமா
மெட்டோப்ரோலால்.

பெருந்துறை அக்கா
அப்படியானால் மேலே நான் போட்ட கணக்கே உங்களுக்குப் பொருந்தாது. அது துடிப்பை அடக்கி வைக்கும் மாத்திரை. வாட்சில் 118 வரும் வரை முயன்றால் அளவுக்கு மீறிப் போய்விடுவீர்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் கூடாது. உங்களுக்கு மூச்சுதான் அளவுகோல். நாலு வார்த்தைக்கு மேல் பேச முடியாமல் போனால் அது ஏற்றம். முழு வாக்கியம் பேச முடிந்தால் இறக்கம்.

நொய்யல்கரை
இதைத்தான் நானும் சொல்கிறேன், நடையே போதும் என்று.

பெருந்துறை அக்கா
இல்லைங்கண்ணா, நீங்கள் அதைச் சொல்லவில்லை. உங்கள் நடையும் அவர் நடையும் ஒன்றென்று நினைத்துச் சொன்னீர்கள். ஓடினால்தான் இன்டர்வல் என்பதும் கிடையாது. ஏற்றத்தில் வேகநடையே போதும்.

லேத்துமாமா
டெஸ்ட் முடிந்தது. அடைப்பு அறிகுறி எதுவும் இல்லையாம். முதல் ஒரு மாதம் சீரான வேகநடை, அப்புறம் வாரம் இரண்டு நாள் ஏற்ற இறக்கம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். போண்டாவை அவரே வெட்டிவிட்டார். பட்டறைப் பையனிடம் சொன்னேன், சிரிக்கிறான்.

நொய்யல்கரை
எனக்கு இன்னும் ஒப்பவில்லை. இருந்தாலும் திங்கட்கிழமை காலை 5.30-க்கு வாருங்கள், நானும் கூட வருகிறேன். முழங்கால் வலித்தால் படியேறிதான் பொறுப்பு.

லேத்துமாமா
வருகிறேன். ஏற்றத்தில் மட்டும் நிலம் விற்ற கதையை எடுக்காதீர்கள்.