விண்டோஸைப் புதிதாகப் போட்டபின் க்ரப் பட்டியல் வரவில்லை

தண்டையார்பேட்டை வாசி:
வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு ஜவுளிக் கடையின் கணக்குகளைப் பார்த்து வருகிறேன். பில் போடுவதற்கு விண்டோஸும், மற்ற வேலைகளுக்கு உபுண்டு லினக்ஸும் ஒரே எஸ்எஸ்டி வட்டில் இருந்தன. சென்ற வாரம் விண்டோஸ் பழுதானதால், அதை மட்டும் புதிதாகப் போட்டுத் தருமாறு ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்தேன். இப்போது கணினி நேராக விண்டோஸுக்குள் போய்விடுகிறது. எதைத் திறப்பது என்று கேட்கும், உபுண்டுவோடு வந்த துவக்க நிரலான க்ரப்பின் பட்டியல் வருவதே இல்லை. உபுண்டு இருந்த பகிர்வு (வட்டில் பிரித்த தனிப் பகுதி) அழியவில்லை. தீபாவளி விற்பனைக் கணக்கு முழுவதும் அதில் இருக்கிறது.

கொடுங்கையூர்:
பென்டிரைவில் உபுண்டுவைத் திறந்து ‘பூட் ரிப்பேர்’ என்ற கருவியை ஓட்டுங்கள். ஐந்து நிமிட வேலைதான்.

பெரம்பூர்க்காரன்:
அதற்கு முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள், ஐயா. யூஇஎஃப்ஐ என்ற புதிய துவக்க முறை கொண்ட கணினிகளில் விண்டோஸ் பெரும்பாலும் க்ரப்பை அழிப்பதில்லை. துவக்க வரிசையில் தன்னை முதலிடத்தில் வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். பயாஸ் அமைப்பில் (கணினியைப் போட்டவுடன் திறக்கும் அமைப்புத் திரையில்) உபுண்டுவின் பெயர் இருந்தால் அதை மேலே ஏற்றினால் போதும். எம்பிஆர் என்ற பழைய துவக்க முறையில்தான் வட்டின் முதல் 512 பைட்டில் இருக்கும் க்ரப்பின் பகுதியை விண்டோஸ் மேலெழுதிவிடும்.

தண்டையார்பேட்டை வாசி:
பார்த்தேன், உபுண்டுவின் பெயர் இல்லை. துவக்கக் கோப்புகள் இருக்கும், 100 எம்பி அளவுள்ள இஎஃப்ஐ பகிர்வில் மைக்ரோசாஃப்ட், பூட் என்ற இரண்டு கோப்புறைகள் மட்டுமே இருக்கின்றன.

பெரம்பூர்க்காரன்:
அப்படியானால் சர்வீஸ் கடைக்காரர் இஎஃப்ஐ பகிர்வையும் சேர்த்து அழித்திருக்கிறார். விண்டோஸ் இருந்த சி டிரைவை மட்டும் அழித்திருந்தால் போதும். க்ரப்பின் துவக்கக் கோப்பு போய்விட்டாலும், உங்கள் கணக்குகள் வேறு பகிர்வில் பத்திரமாகத்தான் இருக்கும். முதல் வேலையாக அவற்றை ஒரு வெளி வட்டில் நகல் எடுத்துவிடுங்கள். பிறகு பென்டிரைவை யூஇஎஃப்ஐ முறையிலேயே துவக்க வேண்டும், இல்லையேல் மதர்போர்டின் நினைவகத்தில் புதிய பெயரைப் பதிய முடியாது. உபுண்டு பகிர்வை மவுன்ட் செய்து (திறந்து இணைத்து), இஎஃப்ஐ பகிர்வை அதன் பூட் கோப்புறைக்குள் உள்ள ‘இஎஃப்ஐ’யில் இணைத்து, வட்டில் உள்ள உபுண்டுவுக்குள் நுழைய உதவும் சிஹெச்ரூட் கட்டளை வழியாக உள்ளே போய் க்ரப்பை நிறுவுங்கள்.

பலரும் கோட்டை விடுவது இதற்கு அடுத்த படியில்தான். புதிய இஎஃப்ஐ பகிர்வுக்குப் புதிய யூயூஐடி (பகிர்வின் அடையாள எண்) வந்திருக்கும். துவங்கும்போது எந்தப் பகிர்வுகளை இணைப்பது என்று உபுண்டு பார்க்கும் எஃப்எஸ்டேப் கோப்பிலோ பழைய எண்ணே இருக்கும். அதை மாற்றாவிட்டால், இப்போது இல்லாத பழைய பகிர்வுக்காக உபுண்டு ஒன்றரை நிமிடம் காத்திருந்துவிட்டு அவசர நிலைத் திரையில் நின்றுவிடும். க்ரப் 2.06 முதல் பிற இயங்குதளங்களைத் தேடும் வசதி இயல்பாகவே அணைக்கப்பட்டிருப்பதால், பட்டியலில் விண்டோஸ் வராவிட்டால் அந்தத் தேடலைச் செய்யும் ஓஎஸ் புரோபரை இயக்கி, பட்டியலைப் புதுப்பியுங்கள். விண்டோஸின் வட்டுப் பூட்டான பிட்லாக்கர் இயங்கினால் மீட்புச் சாவியைக் கைவசம் வைத்துக்கொண்டு தொடங்குவது நல்லது.

தண்டையார்பேட்டை வாசி:
நேற்றிரவு முடித்தேன். எஃப்எஸ்டேப்பைத் திருத்த மறந்து, நீங்கள் சொன்ன அதே திரையில் ஒருமுறை நின்றேன்! இப்போது இரண்டும் திறக்கின்றன. விண்டோஸில் மட்டும் நேரம் ஐந்தரை மணி பின்தங்கிக் காட்டுகிறது.

கொடுங்கையூர்:
அது பழுதன்று. வன்பொருள் கடிகாரத்தை உபுண்டு யூடிசியாகவும் (உலகப் பொது நேரமாகவும்), விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் படிக்கின்றன. உபுண்டுவையும் உள்ளூர் நேரத்துக்கு மாற்றிவிட்டால் பில்லில் தேதி பிசகாது.