பேர வாவிப் பக்கம் ஆறுதலாக ஒரு நாள்: மாமியோடும் பிள்ளைகளோடும் சரிவருமா?

வெள்ளவத்தைக்காரி

கனடாவிலிருந்து மச்சாளும் அவருடைய பிள்ளைகளும் வந்து நிற்கிறார்கள். கண்டி, நுவரெலியா என்று ஓடிக் களைத்து, இனி வான் ஏறவே மாட்டோம் என்கிறார்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமை கொழும்புக்குள்ளேயே பேர வாவிக் கரையில் மெதுவாகப் பொழுதைப் போக்கலாம் என்று ஒரு யோசனை. இவ்வளவு காலம் இங்கே இருந்தும் பஸ் ஜன்னலால் பார்த்ததோடு சரி. மாமிக்கு முழங்கால் நோவு, அதிகம் நடக்க முடியாது. எங்கே தொடங்குவது, வெயில் ஏறினால் எங்கே ஒதுங்குவது? அந்தத் தண்ணீர் நாறும் என்று என் மனிசன் வேறு பயம் காட்டுகிறார்.

கரையோர ரயில்

அக்கா, போகும்போது ஓட்டோ வேண்டாம், ரயிலில் போங்கள். வெள்ளவத்தையில் ஏறினால் பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, அடுத்தது கொம்பனித்தெரு. கடல் பக்கம் இருக்கை கிடைத்தால் பிள்ளைகளுக்கு அதுவே போதும். ஞாயிறில் ரயில் குறைவு, நேரத்தைப் பார்த்துக்கொண்டு வெளிக்கிடுங்கள். இறங்கியதும் மாமிக்காக கங்காராம விகாரை வரைக்கும் ஓட்டோ.

எட்டு மணிக்கெல்லாம் சீமமாலக்கயவில் (அந்த விகாரைக்குச் சொந்தமான, வாவிக்குள் இருக்கிற மண்டபம்) நிற்கப் பாருங்கள். வாவிக்குள் மூன்று மேடைகள், நடுவில் நீல ஓட்டுக் கூரை, மரக் கம்பிகளுக்குள்ளால் காற்று வரும். முன்பிருந்தது தண்ணீருக்குள் தாழ்ந்துபோக, 1976இல் ஜெஃப்ரி பாவா வடிவமைத்துக் கட்டியது இது. செலவைக் கொடுத்தவர் ஒரு முஸ்லிம் வர்த்தகர், இறந்துபோன மகனின் நினைவாக. அரச மரம் நிற்கும் மேடையின் மூலைகளில் சிவன், விஷ்ணு, பிள்ளையார், கதிர்காமக் கந்தன் எல்லாருக்கும் இடம் இருக்கிறது, மாமி கும்பிடாமல் வரமாட்டா. அவவை அங்கேயே நிழலில் இருத்திவிட்டு நீங்கள் பிள்ளைகளோடு அன்னப் படகு மிதிக்கலாம் (மிதிப்பது நீங்கள்தான், அவர்கள் அஞ்சு நிமிடத்தில் களைத்துவிடுவார்கள்). பாலத்தால் நடந்துபோகிற குட்டித் தீவு ஒன்றும் உண்டு. அந்தப் பக்கத்து மரங்களில் கூழைக்கடாவும் நீர்க்காகமும் அடைந்து கிடக்கும். என்னைக் கேட்டால் அன்றைக்கு அதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை.

பிளேன்டீ

மனிசன் சொன்னது பொய்யில்லை. ஆழம் குறைந்த, அதிகம் ஓடாத தண்ணீர். நகரத்துக் கழிவுநீர் வாய்க்கால் வழியாக வந்து விழுகிறது, அதிலுள்ள நைதரசனையும் பொசுபரசையும் தின்று பாசி பெருகிப் பச்சையாகிவிடும். மழை இல்லாத நாட்களில் அந்தப் பாசி செத்து அழுகும்போதுதான் மணம், சில வேளை மீனும் செத்து மிதக்கும். போர்த்துக்கேயர் காலத்தில் கோட்டையைக் காக்க வெட்டிய வாவி இது. ஒரு காலத்தில் 165 ஹெக்டயர் இருந்ததை நிரப்பி நிரப்பி இன்று 65 அளவுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள், பிறகு ஏன் நாறாது? காலையில் பெரும்பாலும் தெரியாது, மத்தியான வெயிலில் தெரியும். பிள்ளைகளைத் தண்ணீரில் கை அளைய விடாதீர்கள்.

எனக்கென்றால் பத்தரமுல்லை தியத்த உயன பூங்காதான். தியவன்னா ஓயாவுக்கு அப்பால் பாராளுமன்றம் தெரியும், அதுவும் பாவா கட்டியதுதான், 1982இல் திறந்தது. நடைபாதை சமதளம், இருக்க வாங்குகள், பூங்கன்றுக் கடைகள். முழங்கால் நோவுக்காரருக்கு அது சுகம்.

கொம்பனித்தெருப் பெடியன்

பத்தரமுல்லைக்குப் போக மறுபடியும் வாகனம் ஏற வேண்டுமே, அவர்கள் ஏற மாட்டோம் என்றல்லவா சொல்கிறார்கள். 😄

பத்து மணிக்குப் பிறகு எங்கள் பக்கம் வாருங்கள். கியூ வீதி சிவசுப்பிரமணிய சுவாமி கோயில் மத்தியானம் பூட்டும் முன்பே போய்விட வேண்டும், கோபுரத்துக்குப் பின்னால் புது மாடிக் கட்டடங்கள் எழும்பி நிற்பதைப் பார்த்தால் இந்த இடத்துக்கு என்ன நடக்கிறது என்று விளங்கும். கிட்டத்திலேயே 18ஆம் நூற்றாண்டு வேகந்தப் பள்ளிவாசல், மலாய் ஆட்கள் தொடங்கியது. மத்தியானச் சாப்பாட்டையும் இங்கேயே முடியுங்கள். வாவியோரம் போகும் ஒரு வீதிக்கு சேர் சிற்றம்பலம் ஏ. கார்டினர் என்று பெயர். சிலோன் தியேட்டர்ஸ் என்ற சினிமாக் கொம்பனியைத் தொடங்கிய நம்ம ஆள், அவருடைய றீகல் தியேட்டரும் அதே பக்கம்தான். மச்சாளுக்குச் சொல்லுங்கள்.

வெள்ளவத்தைக்காரி

நன்றி எல்லாருக்கும், அப்போ பேர வாவியேதான். தாமரைக் கோபுரத்தையும் அன்றைக்கே சேர்க்கவா? விகாரையில் மச்சாளுக்கு டிக்கெட் கேட்பார்களா?

கரையோர ரயில்

வெளிநாட்டவருக்கு டிக்கெட் உண்டு, உங்களுக்கும் மாமிக்கும் இல்லை. அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள். அந்த டிக்கெட்டிலேயே சீமமாலக்கயவும் அடங்கும், துண்டை எறிந்துவிடாதீர்கள். பிள்ளைகளுக்குக் கட்டைக் காற்சட்டையும் கையில்லாத சட்டையும் வேண்டாம். செருப்பைக் கழற்றத்தான் வேண்டும், வெயில் ஏறினால் தரை சுடும், மாமிக்கு ஒரு சோடி சொக்ஸ் எடுத்து வையுங்கள்.

கோபுரம் 350 மீற்றருக்கு மேல், 2022 செப்டெம்பரில்தான் மக்களுக்குத் திறந்தார்கள். ஞாயிறு பின்னேரம் வரிசை நீளம், மாமியோடு நிற்க ஏலாது. மத்தியானம் வீட்டுக்குப் போய் ஒரு நித்திரை போட்டுவிட்டு, மனம் இருந்தால் ஐந்து மணிக்கு காலிமுகத்திடலில் இறால் வடை. கோபுரத்தை மச்சாளும் பிள்ளைகளும் கிழமை நாளில் போய்ப் பார்க்கட்டும்.