இளவேனிலில் நாயுடனும் குழந்தைகளுடனும் முதல் கூடாரப் பயணம்: தூரம், உறக்கம், உண்ணி பற்றி ஆலோசனை தேவை

நடைவழி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். வரும் இளவேனிலில் நானும் கணவரும், ஒன்பது வயது மகளும் ஐந்து வயது மகனும், எங்கள் நாய் செவலையும் மலையில் இரண்டு இரவுகள் கூடாரமிட்டுத் தங்கலாம் என்றிருக்கிறோம். செவலைக்கு இரண்டரை வயது, 22 கிலோ எடை. தடுப்பூசிகள் அனைத்தும் போட்டாயிற்று. நாள்தோறும் ஒரு மணி நேரம் நடந்து பழகிய நாய்தான் என்றாலும், குளிர்காலம் முழுவதும் அந்த நடை பாதியாகக் குறைந்துவிட்டது. திருமணத்துக்கு முன்பு நாங்கள் இருவரும் நிறைய மலையேறியிருக்கிறோம். ஆனால் குழந்தைகளையும் நாயையும் ஒன்றாக அழைத்துச் செல்வது இதுவே முதல் முறை.

முதல் நாள் 9 கிலோமீட்டர் நடந்து முகாமிடத்தை அடைவது, இரண்டாம் நாள் உச்சிக்குப் போய்த் திரும்புவது, மூன்றாம் நாள் இறங்கிவிடுவது என்பது எங்கள் திட்டம். இந்தத் தூரம் சரிதானா என்பதே முதல் ஐயம். செவலையை இரவில் கூடாரத்துக்குள் படுக்க வைப்பதா, வெளியே கட்டுவதா என்பதிலும் எங்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. வாரைத் தான்தான் பிடிப்பேன் என்று மகள் இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டாள். எல்லாவற்றையும்விட உண்ணிகளை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் விரிவாகச் சொன்னால் நன்றியுடன் ஏற்றுக்கொள்வேன்.

பாறைநிழல்

சகோதரி, நான் முதலில் மாற்றச் சொல்வது தூரத்தைத்தான். ஐந்து வயதுக் குழந்தை ஏற்றத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் நடந்தாலே அதிகம். வழியில் கிடக்கும் குச்சியையும் கூழாங்கல்லையும் நின்று பார்க்கும் நேரத்தையும் சேர்த்துக்கொண்டால், 9 கிலோமீட்டர் பகல் முழுவதையும் விழுங்கிவிடும். நீங்கள் கூடாரம் அடிக்கும்போது இருட்டியிருக்கும். பாதை தொடங்கும் இடத்திலிருந்து இரண்டு அல்லது மூன்று கிலோமீட்டருக்குள் ஓர் இடத்தில் முகாமிட்டு, இரண்டு இரவுகளையும் அங்கேயே கழித்து, நடுவில் வரும் நாளில் சுமையில்லாமல் நடந்துவிட்டு வாருங்கள். யாராவது களைத்துப்போனால் பெரியவர்களில் ஒருவர் அவர்களோடு முகாமிலேயே இருந்துவிடலாம். உச்சியை இன்னொரு ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்.

குழந்தை களைத்தால் உட்கார்ந்து அழுதுவிடும். நாயோ தன் கூட்டம் நடக்கும் வரை தானும் நடக்கும். முன்னால் ஓடிக்கொண்டிருந்த நாய் பின்தங்குவது, நிற்கும்போதெல்லாம் நிழலைத் தேடிப் படுத்துக்கொள்வது, பாதத்தை நக்கிக்கொண்டே இருப்பது ஆகியவற்றைக் கண்டால் அன்றைய நடையை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். எங்கள் முதல் பயணத்தில் இந்த அறிகுறிகளை நான் கவனிக்கவில்லை. குளிர்காலம் முழுவதும் வீட்டுத் தரையிலும் ஈர மண்ணிலுமே நடந்திருந்த எங்கள் நாயின் பாதங்கள் மென்மையாகியிருந்தன. இரண்டாம் நாள் பாறைகளில் உரசி அடித்தோல் உரிந்துவிட்டது. வலியோடு அது ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்ததைக் காணப் பொறுக்காமல், நானும் மனைவியும் மாறி மாறித் தூக்கிக்கொண்டே இறங்கினோம். ஆகவே குறைந்தது ஆறு வாரங்களுக்கு முன்பே தொடங்கி, கரடுமுரடான தரையில் வாரந்தோறும் தூரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டிப் பழக்குங்கள். பாதத்துக்கான காலுறைகளை வாங்கினால் வீட்டிலேயே அணிவித்துப் பழக்கிவிடுங்கள். மலையில் முதன்முதலாக மாட்டினால் எந்த நாயும் நடக்காது.

உங்கள் மகளின் எடைக்கும் நாயின் எடைக்கும் பெரிய வேறுபாடு இருக்காது என்பதால், ஒரு முயலைக் கண்டு செவலை பாய்ந்தால் அவளால் நிறுத்த முடியாது. அதற்காக அவளிடம் வேண்டாம் என்று சொல்லிவிடவும் மனம் வராது. மார்புப்பட்டையில் இரண்டு வார்களை மாட்டி ஒன்றை நீங்கள் பிடித்துக்கொண்டு மற்றொன்றை அவளிடம் கொடுங்கள்; கைப்பிடி வளையத்தை அவள் மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இழுக்க இழுக்க நீளும் வகை வார் மலைப்பாதைக்கு ஆகாது. இடுப்பில் கட்டும் வார் ஏற்றத்தில் வசதியானது, ஆனால் வழுக்கும் இறக்கத்தில் அதைக் கழற்றிக் கையில் பிடியுங்கள், ஏனெனில் நாய் ஒருமுறை இழுத்தாலே ஆள் உருண்டுவிடக்கூடும்.

பசுந்தழை

நான் கால்நடை மருத்துவர் என்பதால் உண்ணி, வெயில், தண்ணீர் ஆகிய மூன்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

குளிர் தணிந்த உடனேயே உண்ணிகள் புல் நுனிகளிலும் புதர்களிலும் ஏறி, அவ்வழியே போகும் உடலைப் பற்றிக்கொள்ளக் காத்திருக்கத் தொடங்கிவிடும். வெயில் காலம் வரட்டும் என்று மருந்தைத் தள்ளிப்போடுவதுதான் நான் அதிகமாகக் காணும் தவறு. மாதம் ஒருமுறை அல்லது மூன்று மாதங்களுக்கு ஒருமுறை கொடுக்கும் மாத்திரைகள் உண்டு, கழுத்துத் தோலில் விடும் சொட்டு மருந்துகளும் உண்டு. செவலைக்கு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால் மாத்திரையைத் தேர்ந்தெடுக்கும் முன் மருத்துவரிடம் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். வீட்டில் பூனையும் இருந்தால் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி கலந்த சொட்டு மருந்தைத் தவிர்த்துவிடுங்கள். அது பூனைகளுக்குக் கொடிய நஞ்சு. மனிதர்கள் தோலில் பூசும் பூச்சிவிரட்டிகளை நாய்க்குப் பூசக் கூடாது.

மருந்து கொடுத்திருந்தாலும் ஒவ்வொரு மாலையும் விளக்கொளியில் உடல் முழுவதையும் விரல் நுனிகளால் தடவிப் பாருங்கள். காதின் உட்புறம், கழுத்துப்பட்டைக்குக் கீழே, அக்குள், கால் விரல்களின் இடுக்கு, வாலின் அடி ஆகியவை உண்ணிகள் விரும்பும் இடங்கள். குழந்தைகளின் தலைமுடிக்குள்ளும் முழங்காலின் பின்புறமும் அப்படியே பார்க்க வேண்டும். கடித்துக்கொண்டிருக்கும் உண்ணியை, கூரிய முனையுள்ள சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேராகவும் மெதுவாகவும் இழுத்து எடுங்கள். எண்ணெய் ஊற்றுவதும் நெருப்பால் சுடுவதும் அது தன் எச்சிலை உள்ளே கக்குவதற்கு வழிசெய்யும் என்பதால் அவற்றைச் செய்ய வேண்டாம். உண்ணிகள் பரப்பும் லைம் நோயின் கிருமி பெரும்பாலும் உண்ணி ஒரு நாளுக்கு மேல் கடித்திருந்த பிறகே உடலுக்குள் செல்கிறது, ஆகவே அன்றன்று எடுத்துவிடுவதே பெரிய பாதுகாப்பு. உண்ணிகள் பரப்பும் பபேசியா, எர்லிக்கியா போன்ற வேறு கிருமிகளின் பாதிப்பு ஒன்று முதல் மூன்று வாரங்கள் கழித்தும், லைம் நோயின் பாதிப்பு சில மாதங்கள் கழித்தும் தெரியக்கூடும். திரும்பிய பின் காய்ச்சல், சோர்வு, நொண்டல், சிறுநீர் சிவந்து போதல் ஆகியவற்றைக் கண்டால், மலைக்குப் போய் வந்ததைச் சொல்லியே சிகிச்சை கேளுங்கள்.

காற்று இதமாக இருக்கும் நாளிலும் நாய்க்கு வெப்பத் தாக்கு வரலாம் என்பதைப் பலர் நம்புவதில்லை. இளவேனிலின் தொடக்கத்தில் குளிர்கால முடி இன்னும் முழுமையாக உதிர்ந்திருக்காது, உடலும் வெப்பத்துக்குப் பழகியிருக்காது. நாய் பெரும்பாலும் மூச்சிரைத்தே தன் உடலைக் குளிர்விக்கிறது. அதன் இயல்பான வெப்பநிலை 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை. நடையின்போது 41-ஐ நெருங்கினால் உயிருக்கே ஆபத்து. தள்ளாடினாலோ, ஈறுகள் அடர் சிவப்பாக மாறினாலோ நிழலுக்குக் கொண்டுபோய், உடல் முழுவதும் குளிர்ந்த நீர் ஊற்றி விசிறியபடியே மருத்துவமனைக்கு விரையுங்கள்.

ஓய்வில் இருக்கும் நாய்க்கே ஒரு கிலோ எடைக்கு ஏறக்குறைய 50 முதல் 60 மில்லிலிட்டர் தண்ணீர் ஒரு நாளுக்குத் தேவை. செவலைக்கு அது ஏறக்குறைய ஒன்றேகால் லிட்டர் வரும், நடக்கும் நாளில் இரு மடங்காக எண்ணிக்கொள்ளுங்கள். எலிக்காய்ச்சலும் குடல் ஒட்டுண்ணிகளும் தேங்கிய நீரிலிருந்து எளிதாகப் பரவும். குழந்தைகள் கொறிக்கும் பையில் உலர் திராட்சை, சாக்லேட், மக்கடேமியா கொட்டை, சைலிட்டால் என்ற சர்க்கரை மாற்று சேர்த்த மிட்டாய் இருந்தால் அதை நாய்க்கு எட்டாமல் வையுங்கள். வலிக்காக நீங்கள் எடுத்துச் செல்லும் ஐபுப்ரோஃபென் மாத்திரையும் அதற்கு நஞ்சுதான்.

கானகம்

வாரைப் பற்றி, பிடிப்பவருக்கும் நாய்க்கும் எது பாதுகாப்பு என்ற கோணத்திலேயே இங்கு பேசியிருப்பதால், எனக்கு முக்கியமாகத் தோன்றும் இன்னொன்றைச் சேர்க்கிறேன். இளவேனில் என்பது தரையில் கூடு கட்டும் பறவைகள் அடைகாக்கும் காலம். நாய் முட்டையைத் தொடவே வேண்டாம்; அருகில் வந்து மோப்பம் பிடித்தாலே தாய்ப்பறவை எழுந்து பறந்துவிடும், குளிர்ந்த காலையில் அது திரும்பி வருவதற்குள் முட்டைகள் கெட்டுப்போகலாம். நார்வேயில் ஏப்ரல் 1 முதல் ஆகஸ்ட் 20 வரை நாய்களை வாரில் வைத்திருக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. நீங்கள் போகும் காட்டில் அப்படி விதி இல்லாவிட்டாலும், கூப்பிட்டால் வந்துவிடும் நாய் என்ற நம்பிக்கையில் அவிழ்த்துவிடாதீர்கள். குளிர்காலம் முழுவதும் பதுங்கியிருந்த பாம்புகளும் இப்போதுதான் வெயில் காய வெளியே வரும். பாதையை விட்டு விலகும் நாயே பெரும்பாலும் கடிபடுகிறது. கடித்துவிட்டால் வெட்டுவதோ உறிஞ்சுவதோ இறுக்கிக் கட்டுவதோ கூடாது. நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் போக வேண்டும் என்பதால், மிக அருகில் உள்ள கால்நடை மருத்துவமனையின் எண்ணை வீட்டிலிருந்தே எழுதி எடுத்துச் செல்லுங்கள்.

நாயின் மலத்தைப் பையில் கட்டித் திரும்ப எடுத்து வருவதே நல்லது. முடியாத இடத்தில், நீர்நிலையிலிருந்து குறைந்தது 60 மீட்டர் தள்ளி, 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்தில் புதைத்துவிடுங்கள்.

நடைவழி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. உச்சித் திட்டத்தைக் கைவிட்டு, 3 கிலோமீட்டரில் முகாமிடுவது என்று முடிவு செய்துவிட்டோம். நாங்கள் பார்த்து வைத்திருக்கும் இடத்துக்குப் போக ஓர் ஓடையைக் கடக்க வேண்டும். மேலே பனி இன்னும் உருகிக்கொண்டிருக்கும். அதையும் இரவு உறக்கத்தையும் பற்றி யாராவது சொல்ல இயலுமா?

பாறைநிழல்

பனி உருகி வரும் ஓடை காலையில் தாழ்ந்தும், பகல் வெயிலுக்குப் பின் மாலையில் உயர்ந்தும் ஓடும். எனவே போகும்போதும் திரும்பும்போதும் முற்பகலிலேயே கடந்துவிடும்படி நேரத்தை அமைத்துக்கொள்ளுங்கள். கடக்கும்போது நாயின் வார் யாருடைய இடுப்பிலும் கட்டப்பட்டிருக்கக் கூடாது; உங்களில் ஒருவர் அதன் மார்புப்பட்டையின் மேல்பிடியைப் பிடித்துக்கொள்ளட்டும், மற்றவர் குழந்தைகளை ஒவ்வொருவராக அழைத்துச் செல்லட்டும். நீர் உங்கள் முழங்காலுக்கு மேல் இருந்தாலோ, அடி தெரியாமல் கலங்கி ஓடினாலோ இக்கரையிலேயே கூடாரம் அடித்துவிடுங்கள்.

செவலை உள்ளேதான் படுக்க வேண்டும். 1000 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 6.5 டிகிரி வீதம் குளிர் கூடும், வானம் தெளிந்த இளவேனில் இரவில் அதற்கு மேலும் இறங்கும். குளிர் தரையிலிருந்தே ஏறுவதால், மேலே போர்த்துவதைவிட அடியில் ஒரு தடித்த நுரைப்பாய் விரிப்பது முக்கியம். கூடாரத்தின் அடித்துணியை அதன் நகங்களிலிருந்தும் அந்தப் பாய் காக்கும். நகங்களைப் புறப்படுவதற்குச் சில நாட்கள் முன்பே வெட்டிவிடுங்கள். ஈர நாய் உள்ளே வந்தால் விடியும்போது கூடாரச் சுவரெல்லாம் நீர் துளிர்த்திருக்கும், ஆகவே வாசலிலேயே வயிற்றையும் கால்களையும் துடைக்க ஒரு துண்டை அதற்கென்றே தனியாக வைத்துக்கொண்டு, காற்றுத் திறப்புகளை மூடாமல் விடுங்கள்.

புறப்படும் முன் ஓர் இரவு, வீட்டு முற்றத்திலோ மொட்டைமாடியிலோ அதே கூடாரத்தை அடித்து ஐவரும் அதில் தூங்கிப் பாருங்கள். எங்கள் நாய் அந்த ஒத்திகை இரவில் ஒவ்வொரு சலசலப்புக்கும் எழுந்து குரைத்தது. அது வீட்டில் படுக்கும் பழைய போர்வையை எடுத்து வந்து விரித்த பிறகே அமைதியாகத் தூங்கியது. இப்போதும் அந்தப் போர்வை இல்லாமல் நாங்கள் கிளம்புவதில்லை.